பயணி வந்தார், பெட்டி எங்கே?

விமான நிலையத்தின் வருகைக் கூடம். ஓடும் பட்டை ஒன்று வளைந்து வளைந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் இருமருங்கிலும் பயணிகள் நிற்கின்றனர். சுவரிலுள்ள திறப்பின் வழியாகப் பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. உரியவர்கள் எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். கூட்டம் குறைகிறது. கடைசியில், யாருடையதோ ஓர் அட்டைப் பெட்டி மட்டும் மூன்றாம் முறையாகச் சுற்றி வருகிறது. பிறகு பட்டையும் நின்றுவிடுகிறது. ஒரே ஒருவர் மட்டும் கையில் சீட்டை வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறார்.

என் பழைய மாணவர் ஒருவர் அப்படி நின்றார். இயற்பியலில் பட்டம் பெற்றவர். மின்கருவிப் பராமரிப்பில் பயிற்சியும் முடித்தவர். வளைகுடா நாடொன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. திருச்சியில் விமானம் ஏறி, வழியில் ஓர் ஊரில் வேறு விமானத்துக்கு மாறிப் போய்ச் சேர்ந்தார். மூன்று நாட்களுக்குள் மூலச் சான்றிதழ்களைக் காட்டிக் கையெழுத்திட வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. சான்றிதழ்க் கோப்போ பெட்டிக்குள் இருந்தது. பெட்டி வரவில்லை. அன்றிரவு அவர் தொலைபேசியில் என்னிடம் கேட்டார்: "சார், நானும் அதே விமானத்தில்தானே வந்தேன்? பெட்டி மட்டும் எப்படி சார் வேறு வழியில் போகும்?"

"கவலைப்படாதே தம்பி, வந்துவிடும்" என்று சொன்னேனே தவிர, அவருடைய கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. பின்னர் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது வெறும் கவனக்குறைவுக் கதை அன்று என்பது புலப்பட்டது. இதில் ஒளியியல் இருக்கிறது, நிகழ்தகவு இருக்கிறது, வானொலி அலைகள் இருக்கின்றன. அவருக்குச் சொல்ல வேண்டிய விடையையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

பெட்டி செல்லும் பாதை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பயணியும் பெட்டியும் ஒரே விமானத்தில் பறக்கலாம். ஆனால், விமான நிலையத்துக்குள் அவர்கள் செல்லும் பாதைகள் வெவ்வேறானவை. உங்களுக்குக் கண்கள் இருக்கின்றன; அறிவிப்புப் பலகையைப் படிக்கிறீர்கள்; ஐயம் வந்தால் யாரையேனும் கேட்கிறீர்கள். பெட்டிக்கு இவை எதுவும் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் 'இது எங்கே போக வேண்டும்?' என்று வேறு யாரோ, அல்லது ஏதோ ஓர் இயந்திரம், அதற்காகப் படித்துச் சொல்ல வேண்டும்.

செக்-இன் மேசையில் பெட்டியை எடை போட்டு, அதன் கைப்பிடியில் ஒரு நீண்ட தாள் சீட்டை வளையமாக ஒட்டுகிறார்கள். பெட்டி பட்டையில் ஏறி உள்ளே மறைகிறது. அங்கே எக்ஸ் கதிர்ச் சோதனை நடைபெறுகிறது. பிறகு பிரிக்கும் இடத்துக்குச் செல்கிறது. அந்த விமானத்துக்கு உரிய கிளையில் தள்ளப்படுகிறது. தொழிலாளர்கள் அதை வண்டியிலோ உலோகக் கலத்திலோ அடுக்குகிறார்கள். இழுவை வண்டி அதை விமானத்தின் அருகே கொண்டுபோகிறது. விமானத்தின் வயிற்றுப் பகுதியில் ஏற்றுகிறார்கள். இறங்கும் ஊரில் இவையெல்லாம் தலைகீழ் வரிசையில் நடைபெறுகின்றன. வழியில் விமானம் மாறினால், நடுவிலும் ஒரு முறை இறக்கி, பிரித்து, மீண்டும் ஏற்ற வேண்டும்.

ஆகப் பெட்டியின் பயணம் என்பது பல கைகள் சேர்ந்து கோத்த ஒரு சங்கிலி.

பத்து இலக்கங்களில் ஒரு பெயர்

கைப்பிடியில் ஒட்டிய சீட்டை உற்றுப் பாருங்கள். பெரிய எழுத்தில் மூன்று எழுத்துகள் தெரியும். அவை நீங்கள் சேர வேண்டிய விமான நிலையத்தின் குறி. சென்னைக்கு எம்.ஏ.ஏ.; திருச்சிக்கு டி.ஆர்.இசட்.; கோவைக்கு சி.ஜே.பி.; மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். இவை மனிதர்கள் படிப்பதற்கு.

இயந்திரம் படிப்பதற்கு வேறொன்று இருக்கிறது. அது பார்கோடு எனப்படும் கறுப்பு வெள்ளைக் கோடுகளும், அவற்றோடு அச்சிட்ட பத்து இலக்க எண்ணும் ஆகும். சாலையில் செல்லும் வண்டிக்குப் பதிவு எண் பலகை எப்படியோ அப்படி இது பெட்டிக்கு. முதல் இலக்கம் பெட்டியின் வகையைச் சொல்கிறது. பின்தங்கிப்போய் அவசரமாக அனுப்பப்படும் பெட்டிக்கு 2 என்ற இலக்கம் தொடக்கத்தில் வரும். அடுத்த மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். எஞ்சிய ஆறும் வரிசை எண்.

ஆறு இலக்கங்களில் எத்தனை எண்கள் அமைக்கலாம்? பத்து லட்சம். ஒரு பெரிய விமான நிறுவனம் இந்தப் பத்து லட்சத்தையும் விரைவிலேயே பயன்படுத்தி முடித்துவிடும். பிறகு பழைய எண்களே திரும்ப வரும். சென்ற பயணத்தின் சீட்டைக் கிழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இப்போது நீங்களே ஊகிக்கலாம்.

இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். இந்தப் பத்து இலக்கங்களில் 'துபாய்' என்றோ 'சிங்கப்பூர்' என்றோ எந்தத் தகவலும் இல்லை. எண் என்பது ஒரு திறவுகோல் மட்டுமே. செக்-இன் மேசையிலுள்ள கணிப்பொறி, 'இந்த எண்ணுடைய பெட்டி இன்ன பயணியுடையது, இன்ன விமானத்தில் இன்ன ஊருக்குச் செல்ல வேண்டும்' என்று ஒரு செய்தியைப் பிரிக்கும் இடத்துக்குத் தனியாக அனுப்புகிறது. இயந்திரம் எண்ணைப் படித்து, அதற்குரிய செய்தியைத் தேடி எடுத்து, அதன்படி பெட்டியைத் திருப்பிவிடுகிறது.

எனவே பெட்டி ஒரு வழியிலும் அதன் செய்தி வேறொரு வழியிலும் பயணம் செய்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடம் அந்தச் சீட்டு மட்டுமே. பெட்டி 'தொலைந்தது' என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் அது எங்கோ ஓர் அறையில் பத்திரமாகவே இருக்கும். தொலைந்தது பெட்டி அன்று. பெட்டிக்கும் செய்திக்கும் இடையிலிருந்த தொடர்புதான்.

கோடுகள் பேசும் மொழி

பார்கோடை இயந்திரம் எப்படிப் படிக்கிறது? சிவப்பு லேசர் ஒளிக்கற்றை ஒன்று சுழலும் கண்ணாடியில் பட்டுக் கோடுகளின் குறுக்கே விரைவாக ஓடுகிறது. வெள்ளை இடைவெளி ஒளியை நன்கு சிதறடித்துத் திருப்புகிறது. கறுப்புக் கோடு ஒளியை உறிஞ்சிவிடுகிறது. திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை ஒளி உணர் டையோடு மின்துடிப்புகளாக மாற்றுகிறது. அகலமான கோடு நீண்ட துடிப்பு. குறுகிய கோடு குறுந்துடிப்பு.

இங்கே மாணவர்கள் விரும்பக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. பெட்டிச் சீட்டில் பயன்படும் முறையில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஐந்து கோடுகள். அவற்றில் எப்போதும் இரண்டு மட்டுமே அகலமானவை. ஐந்தில் இரண்டை எத்தனை வகைகளில் தேர்ந்தெடுக்கலாம்? சேர்மானக் கணக்கின்படி 5 × 4 ÷ 2 = 10. சுழி முதல் ஒன்பது வரை இலக்கங்களும் பத்தே அல்லவா? மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை! கறுப்புக் கோடுகள் ஓர் இலக்கத்தையும், அவற்றின் இடையிலுள்ள வெள்ளைப் பகுதிகள் அடுத்த இலக்கத்தையும் சுமக்கின்றன. ஆகவே ஐந்து இணைகளில் பத்து இலக்கங்களும் அடங்கிவிடுகின்றன. ஐந்தில் மூன்று அகலமாகத் தெரிந்தால் அது பிழை என்பதை இயந்திரம் உடனே கண்டுகொள்ளும்.

இவ்வளவு இருந்தும், படிப்பது எளிதன்று. பட்டை நொடிக்கு 2 மீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் நீளமுள்ள படிக்கும் வாயிலைப் பெட்டி அரை நொடியில் கடந்துவிடும். அதற்குள் சீட்டு எப்பக்கம் திரும்பியிருந்தாலும் பிடித்தாக வேண்டும். இதற்காகவே வாயிலின் மேலும் பக்கங்களிலும் பல லேசர்களைப் பொருத்துகிறார்கள். சீட்டிலும் கோடுகளை நெடுக்காக ஒன்றும் குறுக்காக ஒன்றும் அச்சிடுகிறார்கள். ஆயினும் சீட்டு கசங்கியிருக்கலாம், மழையில் நனைந்திருக்கலாம், பெட்டியின் அடியில் மடிந்து சிக்கியிருக்கலாம். ஒளி நேர்கோட்டில் செல்வது. மறைந்திருப்பதை அதனால் படிக்க முடியாது. அப்படிப் படிக்க முடியாத பெட்டிகள் தனிப் பட்டையில் ஒதுக்கப்படுகின்றன. அங்கே ஒரு மனிதர் கையிலுள்ள கருவியால் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். கூட்டம் மிகுந்த வேளையில் இந்த வரிசை நீளும், விமானம் காத்திராது.

சிறு பிழைகளின் பெருக்கல்

'இத்தனை பேர் வேலை செய்கிறார்கள். ஒரு பெட்டியை ஒழுங்காக அனுப்ப முடியாதா?' என்று பயணிக்குக் கோபம் வருவது இயல்பே. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெட்டி பத்து நிலைகளைக் கடக்கிறது எனக் கொள்வோம். ஒவ்வொரு நிலையிலும் ஆயிரம் பெட்டிகளில் 999 சரியாகச் செல்கின்றன. ஒன்றே ஒன்று தவறுகிறது. நம் தேர்வுகளில் யாரும் எடுக்காத மதிப்பெண் இது! ஆனால் பத்து நிலைகளையும் சரியாகக் கடக்கும் நிகழ்தகவு 0.999ஐப் பத்து முறை பெருக்கினால் கிடைப்பது. விடை ஏறத்தாழ 0.990. அதாவது ஆயிரம் பெட்டிகளில் பத்து வழிதவறும். வழியில் விமானம் மாறி, நிலைகள் இருபதானால், ஆயிரத்துக்கு இருபது தவறும்.

உண்மை நிலவரம் என்ன? விமானத் தகவல் தொடர்பில் ஈடுபட்டுள்ள சிட்டா என்னும் நிறுவனம் ஆண்டுதோறும் இக்கணக்கை வெளியிடுகிறது. 2007ஆம் ஆண்டில் ஆயிரம் பயணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் தாமதமாயின, சேதமுற்றன அல்லது காணாமற்போயின. 2024ஆம் ஆண்டில் இது 6.3ஆகக் குறைந்துவிட்டது. இவற்றிலும் பெரும்பகுதி தாமதமே. அறவே தொலைந்தவை சிறுபகுதியே.

நம் கணக்கைத் திருப்பிப் போடுவோம். பயணிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குப் பத்து நிலைகள் என்றால், 6.3 என்ற எண் எதைக் காட்டுகிறது? ஒவ்வொரு நிலையிலும் ஏறத்தாழ 1,600 முறைக்கு ஒரு பிழை என்பதை. தனித்தனியே பார்த்தால் இது மோசமான வேலை அன்று. ஆனால், உலகில் ஓராண்டில் விமானத்தில் செல்வோர் பல நூறு கோடி. எனவே அச்சிறு பிழையே கோடிக்கணக்கான பெட்டிகளாகப் பெருகிவிடுகிறது. பெட்டியை இழந்து நிற்பவருக்கோ இந்தச் சராசரியால் ஆறுதல் இல்லை. அவருக்கு அது ஆயிரத்தில் ஆறு அன்று, ஒன்றுக்கு ஒன்று!

விமானம் மாறும் இடம்

தாமதமாகும் பெட்டிகளில் நாற்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டவை விமானம் மாறும் இடத்தில்தான் சிக்குகின்றன. காரணம் எளிது. முதல் விமானம் வந்து சேருவதற்கும் இரண்டாவது புறப்படுவதற்கும் இடையே ஒரு மணி நேரம் இருக்கிறது என வைத்துக்கொள்வோம். பயணி கதவு திறந்ததும் நடக்கத் தொடங்குகிறார். இருபது நிமிடத்தில் அடுத்த வாயிலை அடைகிறார். பெட்டியோ மற்றப் பெட்டிகளின் அடியில் இருக்கலாம். இறக்க, கொண்டுபோக, சோதிக்க, பிரிக்க, மீண்டும் கொண்டுபோய் ஏற்ற நேரம் வேண்டும். புறப்படும் விமானத்தின் சரக்கறைக் கதவையோ முன்கூட்டியே மூடியாக வேண்டும். முதல் விமானம் அரை மணி நேரம் தாமதித்தால், பயணி ஓடிப்போய்ப் பிடித்துவிடுவார். பெட்டியால் ஓட முடியாது.

சில வேளைகளில் பெட்டியைத் தெரிந்தே விட்டுச் செல்வதும் உண்டு. இங்கு வருவது இயற்பியல். காற்று சூடேறினால் அதன் அடர்த்தி குறைகிறது. 15 பாகை செல்சியசிலிருந்து 40 பாகைக்கு வெப்பம் உயர்ந்தால், அதே அழுத்தத்தில் அடர்த்தி 288 ÷ 313 என்ற விகிதத்தில், அதாவது ஏறத்தாழ 8 விழுக்காடு குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறைவு. எஞ்சினின் உந்துவிசையும் குறைவு. ஓடுபாதையின் நீளமோ கூடப்போவதில்லை. எனவே கோடை நண்பகலில் விமானத்தின் மொத்த எடையைக் குறைக்க வேண்டி வரலாம். பயணியை இறக்குவதைவிடச் சில பெட்டிகளை இறக்குவது எளிது. எஞ்சியவை அடுத்த விமானத்தில் வரும்.

பெட்டி இருந்தது, பயணி இல்லை

நேர்மாறான நிலையும் உண்டு. பெட்டி ஏறிவிட்டது, பயணி ஏறவில்லை. இது தொல்லை மட்டுமன்று, பேராபத்து.

1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 அன்று நம் மீனம்பாக்கம் விமான நிலையத்தில், பயணி ஏறாமல் விட்டுச்சென்ற பெட்டிகளில் இருந்த குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1985ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் வானில் வெடித்துச் சிதறியது. 329 பேர் மாண்டனர். கனடாவின் வான்கூவரில் பெட்டியை ஒப்படைத்தவர் விமானத்தில் ஏறவே இல்லை. அவருடைய பெட்டி மட்டும் விமானம் மாறிப் பயணம் செய்தது. 1988 டிசம்பர் 21இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் நிகழ்ந்த விபரீதத்திலும் உடன்வராத பெட்டி ஒன்றே காரணம். அதில் 270 பேர் மாண்டனர்.

ஏறிய பயணிகளின் பட்டியலையும் ஏற்றிய பெட்டிகளின் பட்டியலையும் ஒப்பிட வேண்டும் என்ற விதி இத்தகைய துயரங்களால் வலுப்பெற்றது. யாரேனும் ஏறாவிட்டால், அவருடைய பெட்டியைத் தேடி இறக்கிய பிறகே விமானம் புறப்படும். 'ஒருவருடைய பெட்டிக்காக எல்லாரும் காத்திருப்பதா?' என்று அடுத்த முறை சலிப்பு ஏற்படும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியையும் பெயரையும் இணைக்கும் அந்தச் சீட்டு நம் உயிரையும் காக்கிறது.

இயந்திரங்கள் கற்பித்த பாடம்

'எல்லாவற்றையும் இயந்திரமாக்கிவிட்டால் பிழை வராதே?' என்று நீங்கள் கேட்கலாம். இந்த எண்ணம் இரு பெரிய விமான நிலையங்களுக்கு வந்தது.

அமெரிக்காவின் டென்வர் நகரில் புதிய விமான நிலையம் 1993 அக்டோபரில் திறப்பதாக இருந்தது. தண்டவாளங்களில் தாமாக ஓடும் ஆயிரக்கணக்கான சிறு வண்டிகள் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் ஏற்பாடு அங்கே அமைக்கப்பட்டது. வெள்ளோட்டத்தில் வண்டிகள் முட்டிக்கொண்டன, பெட்டிகள் சிதறின. வண்டி வேண்டிய இடத்தில் வேண்டிய நொடியில் வந்து நிற்கவில்லை. இக்காரணத்தால் விமான நிலையத்தின் திறப்பு 16 மாதங்கள் தள்ளிப்போய், 1995 பிப்ரவரி 28இல்தான் நடந்தது. அப்போதும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியே இயங்கியது. 2005இல் அதையும் கைவிட்டார்கள்.

இலண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் 2008 மார்ச் 27இல் திறக்கப்பட்டது. முதல் நாளே குழப்பம். 34 விமானப் பயணங்கள் நீக்கப்பட்டன. ஏறத்தாழ 23,000 பெட்டிகளைப் பின்னர் கையால் பிரிக்க வேண்டியதாயிற்று. பட்டைகள் ஓடின, ஒளிக்கருவிகள் படித்தன. பிறகு ஏன்? காரணங்கள் பல. வேலையாட்களுக்கு வண்டி நிறுத்த இடம் தெரியவில்லை, பயிற்சி போதவில்லை. அவற்றோடு இன்னொன்று: சோதனைக் காலத்தில் உண்டான பொய்ச் செய்திகள் வெளியிலுள்ள கணிப்பொறிகளுக்குப் போய்விடாமல் தடுக்க ஒரு வடிகட்டியை மென்பொருளில் வைத்திருந்தார்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு அதை நீக்க மறந்துவிட்டார்கள். மெய்யான செய்திகளும் தடைபட்டன. பெட்டி வந்தது, செய்தி வரவில்லை. நாம் முதலில் கண்ட உண்மை இதுவே அன்றோ?

வானொலி அலையின் துணை

ஒளியால் காண முடியாததை வானொலி அலை கண்டுவிடும். இதைக் கொண்டு ஒரு புதிய சீட்டு வழக்கத்துக்கு வந்துள்ளது. வெளியே பார்த்தால் அதுவும் தாள் சீட்டுத்தான். உள்ளே கடுகளவுச் சிப்பு ஒன்றும், மெல்லிய உலோக அலைவாங்கியும் ஒட்டியிருக்கும். மின்கலம் கிடையாது. படிக்கும் கருவி அனுப்பும் அலையே சிப்பை இயக்குகிறது. சிப்பு தன் அலைவாங்கியின் மின்தடுப்பை மாற்றி மாற்றி, எதிரொளிக்கும் அலையைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த ஏற்ற இறக்கமே எண்ணாகப் படிக்கப்படுகிறது. இருட்டில் கண்ணாடித் துண்டைத் திருப்பித் திருப்பி டார்ச் விளக்கின் ஒளியை எதிரே உள்ளவருக்குக் காட்டுவது போன்றது இது.

இந்தியாவில் இதற்கு ஒதுக்கப்பட்ட அதிர்வெண் 865 முதல் 868 மெகாஹெர்ட்சு. ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் எனக் கிடைக்கும். அலைவாங்கிக்கு அரை அலைநீளம் போதும். அதையும் மடித்து மடித்துச் சீட்டுக்குள் அடக்கிவிடுகிறார்கள். துணி, தோல், பிளாஸ்டிக் ஆகியவற்றை இவ்வலை ஊடுருவும். சீட்டு பெட்டியின் அடியில் மடிந்து கிடந்தாலும் பெரும்பாலும் படித்துவிடலாம். உலோகமும் நீரும் மட்டும் இடையூறு செய்யும்.

2018 ஜூன் முதல் உலக விமானப் போக்குவரத்துச் சங்கம் தன் உறுப்பு நிறுவனங்களுக்கு ஒரு விதியையும் நடைமுறைப்படுத்தியுள்ளது. பெட்டியைப் பயணியிடம் பெறும்போதும், விமானத்தில் ஏற்றும்போதும், மாறும் இடத்தில் ஒப்படைக்கும்போதும், பயணியிடம் திரும்பச் சேர்க்கும்போதும் அதைப் பதிவு செய்ய வேண்டும். சங்கிலி எந்தக் கண்ணியில் அறுந்தது என்பது இதனால் தெரியவரும்.

பயணி செய்ய வேண்டுவன

இவ்வளவையும் அறிந்த பின், நம் கையில் உள்ளவை யாவை எனக் காண்போம்.

முதலாவது, பழைய சீட்டுகளையும், ஆங்காங்கே ஒட்டிய சிறு ஒட்டிகளையும் கிழித்துவிடுங்கள். செக்-இன் மேசையில் ஒட்டிய சீட்டின் மூன்றெழுத்துகள் நீங்கள் சேரும் ஊருக்கு உரியவைதாமா என்று ஒரு முறை பாருங்கள்.

இரண்டாவது, பெட்டியின் வெளியே மட்டுமன்றி உள்ளேயும் பெயர், தொலைபேசி எண், சேரும் ஊரின் முகவரி ஆகியவற்றை எழுதி மேலாக வையுங்கள். வெளிச்சீட்டு அறுந்தால் உள்சீட்டு பேசும்.

மூன்றாவது, மூலச் சான்றிதழ், மருந்து, நகை, பணம் ஆகியவற்றைக் கைப்பையிலேயே கொண்டுசெல்லுங்கள்.

நான்காவது, பெட்டியின் படம் ஒன்றை எடுத்து வைத்திருங்கள். 'கறுப்புப் பெட்டி, நடுத்தர அளவு' என்று சொன்னால், அதே போன்ற நூறு பெட்டிகள் கிடங்கில் இருக்கும். கைப்பிடியில் ஒரு மஞ்சள் நாடா கட்டியிருந்தால் அதுவே அடையாளம்.

ஐந்தாவதும் தலையாயதும்: பெட்டி வரவில்லையெனில் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். புகாரின் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். செக்-இன் மேசையில் தந்த சிறு சீட்டைத் தொலைக்காதீர்கள். உங்கள் புகார் உலகமெங்கும் 2,000க்கும் மேற்பட்ட விமான நிலையங்கள் பயன்படுத்தும் ஒரு தேடும் கணிப்பொறி அமைப்புக்குச் செல்கிறது. எங்கோ கிடக்கும் உரிமையாளர் அறியாப் பெட்டிகளின் நிறம், வகை, உள்ளடக்கம் ஆகியவற்றோடு உங்கள் விவரங்களை அது ஒப்பிடுகிறது. ஆகவே உள்ளே இருக்கும் பொருட்களை எவ்வளவு திட்டமாகச் சொல்கிறீர்களோ அவ்வளவு நன்று. 'துணிமணிகள்' என்பதைவிட 'பச்சைக் கரை வேட்டி இரண்டு, எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்று' என்பது மேல்.

சட்டமும் துணை நிற்கிறது. பன்னாட்டுப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை உண்டு. இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. பெட்டி சேதமானால், பெற்றுக்கொண்ட 7 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தாமதத்துக்கு, பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 21 நாட்கள். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் கடந்தும் பெட்டி வராவிட்டால், அதைத் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கோரலாம். 2024 டிசம்பர் 28 முதல் இழப்பீட்டின் உச்ச வரம்பு பயணி ஒருவருக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமைகள். நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். இது உச்ச வரம்பே. தாமாகக் கிடைக்கும் தொகை அன்று. ஏற்பட்ட இழப்பை நாம் காட்ட வேண்டும். எனவே அவசரத்துக்கு வாங்கிய பொருட்களின் ரசீதுகளைப் பாதுகாப்பது நல்லது.

மாணவரின் பெட்டி

என் மாணவரின் பெட்டி ஐந்தாம் நாள் காலையில் வந்து சேர்ந்தது. விமானம் மாறிய ஊரில், எங்கோ சிக்கி, கைப்பிடிச் சீட்டு அறுந்துபோயிருக்கிறது. ஊரும் பேரும் தெரியாத பெட்டிகளோடு அதுவும் ஓர் அறையில் கிடந்திருக்கிறது. அங்குள்ளவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, மேலாக இருந்தது சான்றிதழ்க் கோப்பு. அதில் அவருடைய பெயர், பிறந்த ஊர் எல்லாம் தெளிவாக இருந்தன. அவர் தந்த புகாரில் 'நீல நிறக் கோப்பு' என்று எழுதியிருந்ததும் ஒத்துப்போயிற்று. பெட்டிக்குள் வைத்திருக்கக் கூடாத கோப்புத்தான் பெட்டியை மீட்டுத் தந்தது!

நிறுவனத்தாரும் புகார்ச் சீட்டின் நகலைப் பார்த்து அவருக்கு மேலும் சில நாட்கள் தவணை கொடுத்திருந்தார்கள். இப்போது அவர் அங்கே வேலை செய்கிறார். சென்ற விடுமுறையில் கல்லூரிக்கு வந்தபோது, தோளில் தொங்கிய பையைத் தட்டிக் காட்டி, "சான்றிதழ் எல்லாம் இதில்தான் இருக்கிறது, சார்" என்றார்.

அவர் அன்று கேட்ட கேள்விக்கு இப்போது ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். பெட்டி வேறு வழியில் போகவில்லை; 'நான் யார், எங்கே போக வேண்டும்' என்று சொல்லும் வாயை அது வழியில் இழந்துவிட்டது. அடுத்த முறை நீங்கள் பெட்டி அடுக்கும்போது, மேலாக ஒரு தாளில் உங்கள் பெயரையும் முகவரியையும் எழுதி வையுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும்.